பச்சைக் கோலி, சிவப்புக் கோலி

தம்பி: வேணாம் அண்ணி, டீ குடிக்கிற நிலைமையில நான் இல்ல.

அண்ணி: போட்டாச்சு தம்பி. நிலைமை சரியானதும் குடிங்க.

தம்பி: ஆட்டோ ஸ்டாண்டே சிரிப்பா சிரிக்குது. நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தன் பச்சைய போட்டிருக்கான்.

அண்ணன்: யாருடா சிரிக்கிறா? ஸ்டாண்டுல இருக்கிறதே நாமதான்.

தம்பி: அண்ணே, விளையாடாத. நான் ஸ்டாண்டு செயலாளர்.

அண்ணி: விளையாட்டு வேணாம்னா ரயில் ஆபீசுல போய்ச் சொல்லுங்க. வளந்த ஆளுங்களை ஹாலுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கு ரெண்டு கோலி குடுத்து அனுப்பினது அவங்கதான்.

தம்பி: அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு அண்ணி. பச்சைய போட்டா புதுசா விடப்போற ரயில் நம்ம ஏரியாவுல நிக்கணும். சிவப்பைப் போட்டா நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நம்ம ஏரியாக்காரங்க மட்டும், திரைக்குப் பின்னால போய், ஏதாவது ஒண்ண பெட்டியில போடணும். ஸ்டாண்டு மொத்தமும் சிவப்புன்னு பேசி வச்சோமா இல்லையா?

அண்ணன்: பேசினோம்.

தம்பி: கடைசியில பச்சை ஜெயிச்சிருச்சு. மூணே மூணு கோலி வித்தியாசத்துல!

அண்ணன்: ம்...

தம்பி: என்ன "ம்"? இங்கேருந்து ஆஸ்பத்திரிக்குப் போற சவாரிதான் நமக்குச் சோறு. ரயிலு வாசல்லயே வந்து நின்னா நம்ம வண்டியில எவன் ஏறுவான்?

அண்ணன்: அந்த ஆபீசரம்மா சொன்னாங்களே... ஸ்டாப்புக்கு முன்னால ஆட்டோவுக்கு இடம் ஒதுக்கறதப் பத்திப் பரிசீலிக்கிறோம்னு.

தம்பி: பரிசீலிக்கிறோம்னா என்னன்னு உனக்குத் தெரியாது?

அண்ணி: எங்க ஆஸ்பத்திரி சூப்பர்வைசரும் அப்படித்தான். நான் கேட்ட லீவ அவரு இன்னும் பரிசீலிச்சிக்கிட்டுதான் இருக்காரு.

தம்பி: இலகு ரயில், இலகு ரயில்னு மூச்சுக்கு மூச்சு சொன்னாங்க. நமக்கு எது இலகுவாச்சு?

அண்ணன்: டீயக் குடிடா.

தம்பி: அண்ணி, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நீங்க பகிரங்கமா மைக்கப் புடிச்சுக் கேட்டீங்க. "பெரிய பெரிய வீட்டுக்காரங்க பக்கம் ரெண்டு ஸ்டாப்பு, அவங்க படுக்கிற வார்டக் கழுவுற எங்களுக்கு ஒண்ணு கூடவா இல்ல?"ன்னீங்க. ஆபீசருங்க அத்தனை பேரும் தலைய குனிஞ்சிட்டாங்க.

அண்ணி: குனியல தம்பி. போன் பாத்தாங்க.

தம்பி: ஏதோ ஒண்ணு. நீங்க எதிரின்னாலும் நேர்மையான எதிரி. கூடவே இருந்து குழி பறிச்சான் பாருங்க... அவனத்தான் தேடுறேன்.

அண்ணன்: எப்படிக் கண்டுபுடிப்ப? கோலியில பேரா எழுதியிருக்கு?

தம்பி: மூஞ்சியில எழுதியிருக்கும். ...ஏன் டீயவே பாத்துக்கிட்டு இருக்க?

அண்ணன்: ஆறுது.

தம்பி: என் மூஞ்சியப் பாரு.

அண்ணன்: அத நீ பொறந்ததுலேருந்து பாக்கறேன்.

தம்பி: அண்ணே...

அண்ணன்: போட்டேன்.

அண்ணி: என்னத்தங்க?

அண்ணன்: பச்சைய.

அண்ணி: ஐயையோ.

தம்பி: நீயா? ஸ்டாண்டுக்கே மூத்த ஆளு நீயா?

அண்ணன்: உங்கண்ணிக்கு விடிகாலை ஷிப்டு. வண்டியில கொண்டு விடறேன்னா கேக்க மாட்டா. "அதுதான் சவாரி வர்ற நேரம், கெடுத்துக்காதீங்க"ம்பா. அந்த இருட்டுல, பாலத்துக்கு அடியில தனியா நடந்து போவா. மழை பேஞ்ச அன்னிக்கு அங்க விழுந்து முட்டி வீங்கிப்போச்சு. வீட்டுக்கு வந்து படிக்கட்டுல இடிச்சிக்கிட்டேன்னா. நம்ம வீட்டுக்குப் படிக்கட்டே கிடையாது.

அண்ணி: ஆஸ்பத்திரி படிக்கட்டு.

அண்ணன்: இத அன்னிக்கே யோசிச்சிருக்கணும். டேய், நீ என்னை ஸ்டாண்டுலேருந்து எடுத்துரு. அண்ணன்னு பாக்காத.

தம்பி: அண்ணன்னெல்லாம் பாக்கல. எடுக்க முடியாது.

அண்ணன்: ஏன்?

தம்பி: மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு கடைசியாத்தான் இங்க வரேன். மீசை ஒத்துக்கிட்டான். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரில துணி துவைக்குது. ஒல்லி ஒத்துக்கிட்டான். அவன் அக்கா அங்க சமையல்கட்டுல. பேட்டரிப் பய, கதவத் தொறந்ததுமே அழுதுட்டான், நான் இன்னும் கேக்கவே இல்ல. போட்டவன எல்லாம் எடுத்தா ஸ்டாண்டுல போர்டு மட்டும்தான் மிஞ்சும்.

அண்ணன்: ஏன், நீ இருக்கியே.

தம்பி: டீ ஆறுது.

அண்ணன்: டேய்.

தம்பி: என் வீட்டுக்காரி மாசமா இருக்கிறவ அண்ணே. அவளும் அதே பாலத்துக்கடியிலதான் நடக்கிறா.

அண்ணன்: நீ செயலாளர்டா!

தம்பி: திரைக்கு வெளிய வரைக்கும்தான் செயலாளர். உள்ள போனா புருஷன்தானே.

அண்ணன்: அப்புறம் எவன்டா அந்தக் குழி பறிச்சவன்? வீடு வீடா எதுக்குத் தேடின?

தம்பி: நான் மட்டுந்தான் போட்டேன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. துணைக்கு ஒருத்தனாவது கெடைப்பானான்னு பாத்தேன்.

அண்ணி: சூடா இன்னொரு டீ போடட்டுமா?

தம்பி: இருங்க அண்ணி. கணக்கு இடிக்குது. ஸ்டாண்டு மொத்தமும் பச்சை. ஆஸ்பத்திரிப் பொம்பளைங்க எல்லாரும் பச்சை. நியாயமாப் பாத்தா பெட்டி வழிஞ்சிருக்கணும். அப்புறம் எப்படி மூணே கோலியில தப்பிச்சோம்?

அண்ணன்: ஆமா... அவ்வளவு சிவப்பு எங்கேருந்து வந்துச்சு?

அண்ணி: பால் கொஞ்சந்தான் இருக்கு. பரவால்லையா?

அண்ணன்: அடியே... இங்க பாரு.

அண்ணி: என்னங்க.

அண்ணன்: மைக்கப் புடிச்சு அந்தக் கத்து கத்தினியே...

அண்ணி: கத்தினது எங்க காலுக்காக. அது நியாயந்தானே, யாராவது கேக்கணும். ஆனா முந்தின நாளே ஆஸ்பத்திரி லாண்டரியில வச்சு நாங்க பொம்பளைங்க அத்தனை பேரும் பேசி முடிச்சிட்டோம். கேக்கறது பச்சை, போடறது சிவப்பு. பின்ன என்னங்க... சவாரி இல்லாம நீங்க எல்லாரும் பகல் பூரா வீட்டுல உக்காந்து, குழம்புல உப்பு எவ்வளவுன்னு சொல்லிக்கிட்டிருந்தா, அதை எந்த ரயில்ல ஏறித் தப்பிக்கிறது?