சிப்பின் அடிவயிறு

எனக்கு வெந்நீர் போதும் ஐயா, தேயிலை போட வேண்டாம். கோப்பையை மட்டும் ஒருமுறை அலசித் தரச் சொல்லுங்கள்.

என் பெயர் ஜியாங் ரூயிங். ஷென்சென் மின்னணுச் சந்தைக்குப் பின்புறம், நான்காம் மாடியில், பத்தொன்பது வருடமாக மாதிரி மின்சுற்றுப் பலகைகளில் சிப் பற்றவைக்கிறேன். காலில்லாத சிப். சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். ஓரங்களில் பதினாறு முனைகள், அடியில் வயிறு மாதிரி ஓர் உலோகத் தகடு. ஈயம் உருகியதும் இடுக்கியால் லேசாகத் தள்ளினால், சிப் தானே திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரும். அதைப் பார்க்க இன்றைக்கும் எனக்கு ஆசைதான். ஆனால் வயிறு ஒட்டியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒட்டாவிட்டால் சூடு இறங்க வழியில்லாமல் சிப் கொதித்து, தானே அணைந்துபோகும்.

துவான் ஹாவ் எங்கள் பொறியாளர். அவனை நினைத்தாலே குமட்டுகிறது. மிளகாயில் ஊறிய கோழிக்கால் பொட்டலத்தை என் மேசையில்தான் பிரிப்பான். எலும்பை உறிஞ்சி மென்று என் இடுக்கித் தட்டில் துப்புவான். அதே விரலால் பலகையை எடுப்பான். நகம் வெட்டுவதும் அங்கேயேதான். ஒருநாள், ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் என் பசைக் குப்பிக்குள் அவன் நகத்துண்டு கிடந்தது.

"ஏம்ப்பா, திங்கிறதை வெளியில போய்த் தின்னேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க என்னக்கா, ஆபரேஷனா பண்றீங்க? இந்தாங்க, ஒரு கால் கடிச்சுப் பாருங்க, மூஞ்சி கொஞ்சம் மலரட்டும்."

எண்ணெய் பட்ட இடத்தில் ஈயம் பிடிக்காது. ஏப்ரலில் மூன்று பலகைகள் வீணாயின. முதலாளியும் வாடிக்கையாளரும் நிற்கும்போதே சொன்னான்: "அக்காவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது. இனிமே சூப் கிண்டத்தான் லாயக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் உதட்டோரம் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. அவன் சிரிக்கச் சிரிக்க அதுவும் ஆடியது.

அவன் மகள் தாங்தாங் குறைமாதத்தில் பிறந்தவள். தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். உடனே தட்டி எழுப்பினால் சரியாகும். அதற்காகக் காலில் கட்டும் பட்டை ஒன்றை அவனே வடிவமைத்தான். மூச்சு நின்றால் அது அலறும். அதன் பலகையை ஒரு காலையில் என்னிடம் கொண்டுவந்தான்.

"அன்னைக்கு வாய்த்துடுக்காப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கக்கா. அவ அம்மா மூணு வாரமாக் கண்ணசரலை. உங்க கையாலதான் இது ஆகணும்."

"அழாதப்பா. சாயங்காலம் வந்து வாங்கிக்க" என்றேன்.

மூக்கைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் என் தோளைத் தொட்டான். சீ. அந்தச் சட்டையை அன்றே குப்பையில் போட்டேன்.

சிப்பின் வயிற்றுக்கு ஈயம் வைக்கவில்லை. தப்பித் தவறியும் ஒட்டிவிடாதபடி, சூடு தாங்கும் மஞ்சள் டேப்பில் ஒரு துணுக்கு வெட்டி அடியில் வைத்தேன். ஓரங்களை மட்டும் பற்றவைத்தேன். சாயங்காலம் அவன் உருப்பெருக்கியில் பார்த்தான். நாலு பக்கமும் பளபளவென்று இருந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டுச் சோதித்தான், நன்றாகவே அலறியது. "தங்கமான கைக்கா உங்களுக்கு" என்றான்.

மறுநாள் மதியம் அந்தப் பட்டையை நம்பி அவன் மனைவி குழந்தையோடு படுத்தாள். அவள் எழுந்தபோது தாங்தாங்குக்கு மூச்சில்லை.

குழந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒருமுறை எங்கள் பட்டறைக்குத் தூக்கி வந்திருந்தான். கோழிக்கால் சப்பிய அந்த வாயாலேயே அதன் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். 'பற்றவைப்பில் நேர்ந்த கைத்தவறு' என்று எழுதி முடித்திருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன் ஐயா. என் கை தவறவில்லை. அவனிடம் கொடுப்பதற்கு முன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் நாற்பதாவது நிமிடத்தில் சத்தமில்லாமல் அணைந்தது.