விடுபட்ட ஊர்கள்

முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறவன் மேல் நடிகர்களின் எச்சில் தெறிக்கும். பின்னால் இருப்பவர்களுக்கு இது தெரியாது. பதினோரு வருடமாக அதை வாங்கிக்கொண்டுதான் ‘முன்வரிசைக்காரன்’ என்ற பெயரில் உங்கள் வாரத்தாளுக்கு விமர்சனம் எழுதி வந்தேன். போகும்போது ஒரு துண்டை மடித்து எடுத்துக்கொள்வேன். வேறு சிரமம் ஒன்றுமில்லை.

ஆசிரியர் முத்துநாயகம் அவர்களுக்கு, ‘குடைக்குள் கல்யாணம்’ மூன்று வருடம் கழித்துக் கோட்டாறுக் கொட்டகைக்குத் திரும்பி வருகிறது, சுயம்பு கட்டிய மாப்பிள்ளை வேஷத்தைப் புது ஆள் கட்டுகிறார், அன்றைக்கு எழுதியதைப் போலவே உற்சாகமாக நாலு வரி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலாக இதை அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்துநாலாம் வருடம் மாசி மாதம் அந்த நாடகம் முதன்முதலாக வந்தது. புராணமில்லை, போர் இல்லை, அழுகை இல்லை. பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு மாப்பிள்ளை பெண்ணின் ஊர்ப்பெயரை மறந்துவிடுகிறான். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் தேடி அலைகிறான். கதை என்று இவ்வளவுதான், மற்றதெல்லாம் பாட்டு. மூன்றாவது காட்சியில் மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்று, குடையைச் சுழற்றியபடி, தான் தேடிய ஊர்களை எல்லாம் ஒரே மூச்சில் பாடுவான். ஆரல்வாய்மொழியில் தொடங்கி இருபத்தாறு ஊர். ஹார்மோனியக்காரர் பின்னால் ஓடிவந்தாலும் பிடிக்க முடியாது.

எனக்கு அது உப்பில்லாத கஞ்சியாகத்தான் பட்டது. ஜனங்களுக்கு அப்படிப் படவில்லை. தோவாளை என்றதும் தோவாளைக்காரர்கள் கைதட்டினார்கள். கொட்டாரம் என்றதும் கொட்டாரத்து வண்டிகளில் வந்தவர்கள் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்கள். இடலாக்குடி ஜவுளி வியாபாரி மைதீன் கனி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். கணக்காகப் பேசுகிற மனிதர். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று என் மடியில் விழுந்தது. “மன்னிக்கணும் சார்வாள், வயிறு வலிக்குது, ஆனா நிறுத்த முடியல்ல” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நம் பக்கத்துக் கொட்டகைகளில் ஒன்ஸ்மோர் கேட்டால் பாடியே தீரவேண்டும். செத்து விழுந்த ராஜாவாக இருந்தாலும் எழுந்து பாடிவிட்டு மறுபடி சாகவேண்டும். கலைக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ‘போதும் ஞானதாசன், இனி ஒன்ஸ்மோரைத் திட்டவேண்டாம், படிக்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது’ என்று நீங்களே ஒரு கார்டு போட்டிருந்தீர்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே, பெண்கள் பக்கத்து ஓலைத்தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மணி உருண்ட மாதிரி, அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. நல்ல சிரிப்பு, யாராக இருக்கும் என்று நினைத்தேன். நாடகம் முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டுத் தேவகனியின் தோளைப் பிடித்துக்கொண்டு அதே சிரிப்பைச் சிரித்தபடி வந்தவள் என் மனைவி ராகேல்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் கோபப்படவில்லை. கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன், அவ்வளவுதான்.

மறுவாரம் எழுதிய விமர்சனத்தில் ஒரே ஒரு குறை சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன் நான். மாப்பிள்ளை தோவாளையிலிருந்து நேரே கோட்டாறுக்கு வந்துவிடுகிறார், தாழக்குடியிலும் பூதப்பாண்டியிலும் பெண்களே இல்லையா என்று கேட்டிருந்தேன். வெறும் குசும்புதான். ஆனால் தாழக்குடிக்காரர்கள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கொட்டகையில் சண்டை போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் தாழக்குடி சேர்ந்தது. அதைக் கேட்டுத் திட்டுவிளை வந்தது, தேரூர் வந்தது, மயிலாடி வந்தது. நானும் வாராவாரம் விடுபட்ட ஊர்களின் பெயரைக் கீழே கொடுத்துவந்தேன். மூன்றே வாரத்தில் இருபத்தாறு முப்பத்தெட்டு ஆனது. மூச்சு அதே ஒரு மூச்சுதான்.

வீட்டில் ராகேல் பாத்திரம் கழுவும்போது அந்த ஊர்களைப் பாட ஆரம்பித்திருந்தாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். முன்பு ஒருமுறை நான் எழுதிய சோகநாடகத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

இதுவரை என் மேல் குற்றமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயிலிலிருந்து திரும்பிய நேரம், சுயம்பு வீட்டுக்கு வந்தார். வேஷம் இல்லாமல் பார்த்தால் ஒல்லியான, காது பெரிதான சாதாரண மனிதர். ராகேல் கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார்வாள், ஒன்ஸ்மோர் கேக்கது தப்புன்னு எழுதுத ஒரே ஆளு நீங்கதான். அதனாலதான் ஒங்களத் தேடி வந்தேன். எனக்க நெஞ்சு சரியில்ல. டாக்டர் கொழல வச்சுப் பாத்துட்டு, ஒரே மூச்சுல இழுத்துப் பாடப்பிடாதுன்னு சொல்லிட்டாரு. ஒரு தடவன்னா சமாளிச்சிருவேன். ரெண்டாவது தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வருது.”

முதலாளியிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

“சொன்னா அன்னைக்கே வேற ஆளப் போட்டிருவாரு. வீட்டுல மூணு பொட்டப்புள்ளைய இருக்கு. நீங்க எனக்க பேரச் சொல்லாண்டாம், நோவையும் சொல்லாண்டாம். ஒன்ஸ்மோர் கேட்டா கதை கெட்டுப்போவுதுன்னு எப்பவும்போல ஒரு வரி எழுதுனாப் போரும்.”

பார்க்கலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

ராகேல் காப்பியோடு வந்தாள். கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கேட்டாள். “எல்லா ஊரையும் சொல்லுதிய. எங்க ஊரு கருங்கல மட்டும் விட்டுட்டியளே?”

“விட்டது தப்புதான் அக்கா. அடுத்த ஆட்டத்துலயே சேத்திருவோம். கடைசி ஊரு கருங்கல்தான்” என்றார் சுயம்பு. மறுக்க அவருக்குத் தெரியவில்லை. ராகேல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை பக்கத்திலிருந்து கேட்டேன்.

அவர் போனபின், “எதுக்கு வந்தாரு?” என்று கேட்டாள். தாளில் நல்லதாக நாலு வரி எழுதச் சொல்லி வந்தார் என்றேன். “எழுதுங்க. பாவம், எத்தன பேரச் சிரிக்க வைக்காரு” என்றாள்.

மனைவி சொல்லைக் கேட்டு நடப்பது குற்றமா என்று தெரியவில்லை. எழுதினேன். அந்த விமர்சனத்தைத்தான் நீங்கள் இன்றைக்கும் மெச்சுகிறீர்கள். ‘ஒன்ஸ்மோர் பற்றிய என் பழைய கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஊர்ப்பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் பாதி நாடகம்தான் பார்த்தவர். மூன்றாவது முறையில்தான் சுயம்புவின் மூச்சு திறக்கிறது.’ பதினோரு வருடத்தில் நான் யாரையும் இப்படிப் புகழ்ந்ததில்லை. ராகேல் அதை வெட்டி எடுத்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். “ஒங்களுக்கு நல்ல மனசு” என்றாள். அதையும் அவள் அதற்கு முன் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை பகல் ஆட்டம். பங்குனி வெயில், ஓலைக் கூரைக்குக் கீழே மூச்சு முட்டுகிற கூட்டம். கருங்கலிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பலர் கையில் நம் தாள் இருந்தது. முதல்முறை சுயம்பு நன்றாகவே பாடினார். கடைசியில் கருங்கல் என்றதும் கொட்டகை அதிர்ந்தது. தட்டிக்கு அப்பால் ராகேலின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இரண்டாவது முறை பாடி முடித்ததும் மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் பூசிய மாவு வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. அவர் கண் முன்வரிசையில் என்னைத் தேடியது. கண்டுபிடித்ததும் இரண்டு கையையும் கூப்பினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் தட்டினார்கள்.

பிறகு கைதட்டல் ஓய்ந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை தாளையும் எழுதினேன். கைதட்டல் ஓய்ந்தது ஐயா. வெக்கையில் அவர்களுக்கும் களைப்பு. மைதீன் கனி தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். ஹார்மோனியக்காரர் அடுத்த காட்சிக்குச் சுருதி மாற்றத் தொடங்கிவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அன்றைய ஆட்டம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

நான் எழுந்து நின்று ஒன்ஸ்மோர் என்றேன். கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான். கொட்டகை முழுவதும் அதை வாங்கிக்கொண்டது.

மூன்றாம் முறை என் மேல் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. துண்டை விரித்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. அவர் வாய் அவ்வளவு வறண்டிருந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு இது தெரிய வழியில்லை. முப்பத்தெட்டு ஊரும் வந்தன. கருங்கல் மட்டும் சத்தமாக வரவில்லை, உதடுதான் அசைந்தது. பிறகு அவர் மடங்கி விழுந்தார், குடை அவர் மேலே விரிந்து மூடிக்கொண்டது. புதிதாகச் சேர்த்த வேடிக்கை என்று எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. முதலில் நின்றது தட்டிக்கு அப்பால் இருந்த அந்தச் சிரிப்புதான்.

இரங்கல் குறிப்பையும் நானே எழுதினேன். அதுவும் நன்றாக இருந்தது என்றீர்கள்.

போலீஸ் யாரையும் விசாரிக்கவில்லை. எதற்காக விசாரிப்பார்கள்? பாராட்டியவனைப் பிடித்துப்போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இந்த மூன்று வருடமாக வகுப்பில் படத்தை மாட்டி நம் பக்கத்து ஊர்களைச் சொல்லவேண்டிய இடம் வந்தால் எனக்கு நாக்கு எழுவதில்லை. பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். குற்றம் செய்தவனுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது.

ராகேல் அதற்குப்பின் சிரிக்கவில்லை. பாடுவதும் இல்லை. அடக்கம் நடந்து எட்டாம் நாள் என்னிடம் கேட்டாள். “நான் கருங்கலச் சேக்கச் சொல்லாம இருந்திருந்தா, அந்த ஒரு ஊருக்குள்ள மூச்சு மிச்சம் இருந்திருக்கும். ஆளு பொழச்சிருப்பாரு. அப்படித்தானே?”

கர்த்தருடைய சித்தம் என்று சொன்னேன். அப்படியில்லை என்று சொல்லவில்லை. அவளே கொன்றதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். தாய்வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கருங்கல் என்று யாராவது சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஆனால் என்னிடம் பிரியமாக இருக்கிறாள். சாப்பாடு போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு தெரிந்தும் தன்னைக் கைவிடாதவன் என்று என்னை நினைக்கிறாள் போலிருக்கிறது. மூன்று வருடமாக அதை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, சுயம்புவைக் கொன்றது நான். தெரியாமல் ஊர்களைக் கூட்டினேன், அவர் நெஞ்சு தாங்காது என்று தெரிந்தே எழுதினேன், தெரிந்தே எழுந்து நின்றேன். இதை ஒரு வரிகூட வெட்டாமல், முன்வரிசைக்காரன் என்று போடாமல், ஞானதாசன் என்ற என் சொந்தப் பெயரிலேயே அச்சிடுங்கள். இனி நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. ஆரல்வாய்மொழி முதல் குமரிமுனை வரை தாள் போகிற அத்தனை ஊருக்கும் இது போகட்டும்.

கருங்கலை மட்டும் இந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள், அங்கே ராகேலின் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கும் தாள் அனுப்பவேண்டாம். அவளுக்கு இளகின மனசு, உண்மை தெரிந்தால் தாங்கமாட்டாள்.