சவேலி லூனினின் ஓவியத்தை நான் விற்ற கதை

பேரன்புக்குரிய அவைத்தலைவர் யோகலிங்கம் அவர்களே! கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் குரோருட் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! நாள் முழுதும் உழைத்த களைப்போடும் வாடாத முகத்தோடும் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! நோர்வேயில் பிறந்து நற்றமிழ் பேசும் இளையோரே! இன்று தன் முதல் ஓவியக் கண்காட்சியைத் திறக்கும் அன்பு மகள் கம்சாயினியே! இந்த இரத்தினவேலின் இருகரம் கூப்பிய வணக்கம்.

ஓவியக் கண்காட்சியிலே பேச ஒரு பஸ் சாரதிக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்! வரையத் தெரியாதவன் நான். வண்ணம் அறியாதவன் நான். ஓர் ஓவியத்தை விற்றவன். அந்தத் தகுதி ஒன்றோடுதான், ஆறாத மனதோடுதான், இந்த மேடையில் நிற்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில், எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவில், அனஸ்ரேசியா என்றொரு ரஷ்ய மூதாட்டி குடியிருந்தார். அவருடைய கணவர் சவேலி லூனின் ஓர் ஓவியர். சோவியத் நாட்டிலே, தொழிற்சாலையை வரை என்றார்கள், சதுரத்தை வரைந்தார். தலைவரை வரை என்றார்கள், வட்டத்தை வரைந்தார். வெற்றியை வரை என்றார்கள், வெறுங்கோட்டை வரைந்தார்! ஒரு சதுரம் ஓர் அரசை என்ன செய்துவிடும்? ஒரு கோடு எந்தக் கோட்டையைக் கவிழ்த்துவிடும்? ஆனாலும் அஞ்சினார்கள். ஓவியர் சங்கத்தில் அவருக்கு இடமில்லை; காட்சிக்கூடத்தில் அவருக்குச் சுவரில்லை. நண்பர் ஒருவரின் வீட்டு அறையில் மாட்டிய படங்களைக்கூடக் காவலர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு மனைவியோடு ஒஸ்லோ வந்தார். இங்கும் எவரும் அறியாமல் வாழ்ந்து, எவரும் அறியாமல் இறந்தார்.

அனஸ்ரேசியா இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஆறு மாதமும் என் மனைவி விமலாதேவிதான் சோறும் சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தாள். 2004ஆம் ஆண்டு அவர் முதியோர் இல்லத்துக்குப் போன அன்று, தன் கட்டிலின் மேலிருந்த படத்தைக் கழற்றி எங்கள் கையில் தந்தார். கறுத்த பலகை, சரிந்து நிற்கும் ஒரு சிவப்புச் சதுரம், அதைக் கடந்து போகும் மூன்று வெள்ளைக் கோடுகள். “இது இனி உங்கடை. வெளிச்சமான சுவரிலை மாட்டுங்கோ” என்றார். நாங்கள் பேசியது உடைந்த நோர்வேஜிய மொழி. உங்களுக்கு எங்கள் தமிழிலே சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகள் மாட்டியிருந்தோம். 2007 வந்தது. அந்தக் காலத்து ரஷ்ய ஓவியங்களுக்கு எங்கும் கிராக்கி என்று பத்திரிகையில் படித்தேன். நாங்களோ லோறென்ஸ்கூக் பக்கம் சொந்தமாக வாங்க ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தோம்.

விமலாதேவி சொன்னாள்: “இஞ்சேருங்கோ, அவவிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டுச் செய்யுங்கோ.”

“தந்தது தந்ததுதானே? கேட்டால் அவவுக்கு மனம் நோகும். சொல்லாமல் விடுறதுதான் மரியாதை” என்றேன்.

கேட்டீர்களா சபையோரே? என் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்தேன்!

நகர நடுவிலே ஓர் ஏல மண்டபம். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் படத்தைத் தூக்கிக் காட்டினார். முன்னே ஒருவர் கையை உயர்த்தினார்; தொலைபேசியிலே இன்னொருவர் அதை மிஞ்சினார்; மறுபடி கை, மறுபடி தொலைபேசி. சுத்தியல் விழுந்தது. இரண்டே நிமிடம்!

என்ன அண்ணை? எவ்வளவுக்குப் போனது என்று கேட்கிறீர்களா? வீட்டுக்கு முற்பணம் கட்டக் காணும் அண்ணை, அதுக்கு மேலை கேளாதையுங்கோ. சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நானும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

விற்ற பிறகும் மாதம் ஒருமுறை அனஸ்ரேசியாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போவேன். “படம் எப்பிடி இருக்குது?” என்பார். “வடிவாய் இருக்குது” என்பேன். ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் பொய் சொன்னேன். ஆறாவது முறை அவர் கேட்டது வேறு. “வாற மாதம் சவேலிக்கு எண்பதாவது பிறந்தநாள். என்னைச் சக்கர நாற்காலியிலை உங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு போறியோ? கொஞ்ச நேரம் அதுக்கு முன்னாலை இருக்க வேணும்.”

தலை குனிந்தேன். “வித்துப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்:

“எங்கை?”

“ஏலத்திலை. பெரிய மண்டபம்.”

“ஆக்கள் இருந்தவையோ?”

“ஓம். நூறு பேர் வரும்.”

“அவரின்ரை பேரைச் சொன்னவையோ? சத்தமாய்?”

என் அருமைப் பெருமக்களே, நான் என்ன சொல்வேன்? சொல்லத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என் காது எங்கே இருந்தது? “நான் விலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “ஒரு மண்டபத்திலை, சனத்துக்கு முன்னாலை, ஆரும் சவேலியின்ரை பேரைச் சொல்ல மாட்டினமோ எண்டு எத்தினை வருசம் பாத்திருந்தனான்! வித்தது பரவாயில்லை, தம்பி. என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே.”

கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்! ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளியிருக்கலாம்! முன்வரிசையிலே இருத்தியிருக்கலாம்! ஒரு மனுசியின் வாழ்நாளிலே வரக்கூடிய ஒரே ஒரு நல்ல நாளை, அவருக்கே தெரியாமல் நான் நடத்தி முடித்துவிட்டேன்.

மறுநாளே ஏல நிறுவனத்துக்குப் போனேன். வாங்கியவர் யாரென்று சொல்ல மறுத்தார்கள். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. ஏலப் பட்டியல் புத்தகம் ஒன்றைத்தான் வாங்கிவர முடிந்தது. அச்சிட்ட பெயரை அனஸ்ரேசியா விரலால் தடவினார். தாதியிடம் வாசித்துக் காட்டினார். பக்கத்து மேசைக்காரரிடம் வாசித்துக் காட்டினார். இந்த ஆண்டு தை மாதம் கண்ணை மூடினார்.

விற்றதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒளித்ததுதான் குற்றம். பெற்றோரே, பெரியோரே! ஒருவருக்கு நோகும் என்று நாமே முடிவுகட்டி, அவருக்குரிய மகிழ்ச்சியை நாம் பறித்துவிடக் கூடாது. கேளுங்கள்! வாய் திறந்து கேளுங்கள்! நான் கேட்கவில்லை.

இந்த மண்டபத்திலும் நூறு பேர் இருக்கிறீர்கள். ஆகையால் சொல்கிறேன், சத்தமாகவே சொல்கிறேன்: சவேலி லூனின்! சவேலி லூனின் என்றோர் ஓவியர் நம் குரோருட்டிலே வாழ்ந்தார்!

நன்றி. கை தட்டுகிறீர்கள். இந்த ஓசையைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அந்தக் குறையை எந்தக் கைதட்டலும் தீர்க்காது.

மகள் கம்சாயினி, உன் வண்ணங்கள் வாழ்க. பேச அழைத்த தலைவருக்கும், என் தவறைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. போய் வருகிறேன், வணக்கம்.