அக்-ஜோன் முகட்டில் நின்ற குச்சி

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. இருப்பிடம் கராகோல் நகருக்குக் கிழக்கே, அக்-ஜோன் மலையடியில் உள்ள ஊர். படிப்பு, பனிச்சரிவு ஆய்வில் பட்டயம். தொழில், முன்பு அரசின் பனி அளவீட்டு நிலையத்தில் கண்காணிப்பாளர். அதை மூடிய பிறகு, வெளியூர்க்காரர்களை மலைமேல் ஏற்றி, பனியில் சறுக்கிக் கீழே கூட்டிவரும் வழிகாட்டி. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் எசென்குல் என் மனைவி பூரூல்சாவின் அண்ணன், அவரும் வழிகாட்டி.

மூடிய நிலையத்தின் கட்டடத்தை எசென்குல் ஏலத்தில் எடுத்து விடுதியாக்கினார். நான் பல வருடங்கள் உட்கார்ந்து வேலை பார்த்த அறையில் இப்போது அவருடைய விருந்தாளிகளின் ஈரக் காலுறைகள் காய்கின்றன. இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று விசாரணை அதிகாரி நினைக்கலாம். சம்பந்தம் உண்டு.

எங்கள் பள்ளத்தாக்கு வழிகாட்டிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. புதுப்பனி விழுந்தால் முறை வைத்து ஒருவர் விடியற்காலையில் முகட்டுக்குப் போய்ப் பனியைத் தோண்டிப் பார்ப்பார். சரிவு நம்பத் தகுந்ததல்ல என்று கண்டால், சிவப்புத் துணி கட்டிய நீளக் குச்சி ஒன்றை அங்கே நட்டுவிட்டு வருவார். துணியில் கரியால் தன் பெயரை எழுதுவார். நட்டவரைத் தவிர வேறு யாரும் அதைப் பிடுங்கக் கூடாது. குச்சி இல்லையென்றால் இறங்கலாம் என்று பொருள். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களும் இதை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

ஏப்ரல் கடைசியில், குதிரைகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவது பற்றிப் பேச்சு தொடங்கிவிட்ட நேரத்தில், விடாமல் பனி பெய்தது. பருவம் முடியும்போது மாவு மாதிரி அப்படியொரு பனி எப்போதாவதுதான் விழும். மறுநாள் முகட்டுக்குப் போகும் முறை எசென்குலுடையது. அன்று மாலை தேநீர்க் கடையில் அவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "மாப்ளே, நாளைக்கு நான் போய்ப் பாத்துக்கறேன். நீங்க வீட்ல உக்காந்து உங்க சர்டிபிகேட்ட சறுக்குப் பலகைக்கு அடியில ஒட்டுங்க. பலகைக்கு மெழுகு பூசற செலவு மிச்சம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் பாலாடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை என் விருந்தாளிகள் இருவருடன் நான் முகட்டை அடைந்தபோது குச்சி நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு தடம்கூட விழாத சரிவு. தன் ஆட்களுக்காக அவர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் தோண்டிய குழி பக்கத்திலேயே இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. அது என்ன சிவப்பு என்று விருந்தாளி ஒருவர் கேட்டார். "குதிரைக்காரங்க அடையாளம்" என்று சொல்லிவிட்டு, குச்சியைப் பிடுங்கி, ஒடித்து, முதுகுப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மூவரும் இறங்கினோம். குளிர் விடாத நேரம் என்பதால் சரிவு தாங்கியது. பனி இடுப்புவரை எழும்பி முகத்தில் தூவியது. பலகைகளுக்கு அடியில் சத்தமே இல்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, பாதி வழியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நிலையத்தை மூடிய பிறகு அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

கீழே வந்த பிறகு, பையில் குச்சி இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப நட வேண்டுமென்றால் மறுபடி முகடுவரை ஏற வேண்டும். விருந்தாளிகளுக்குப் பசி. நான் ஏறவில்லை.

அதன் பிறகு வெயில் ஏறியது. பக்கத்துப் பள்ளத்தாக்கின் வழிகாட்டியான அய்பெரி என்ற பெண் தனியாக முகட்டுக்கு வந்திருக்கிறாள். அங்கே குச்சி இல்லை. எங்கள் தடங்கள் இருந்தன. இறங்கிவிட்டாள். நான் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது பனி சரிந்த சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது எசென்குல் முன்பே வந்து தோண்டிக்கொண்டிருந்தார். மண்வாரியை எடுக்கப் பையைத் திறந்தேன். குச்சியை ஒதுக்கித்தான் அதை எடுக்க முடிந்தது. இருவருமாக அவளை வெளியே எடுத்தோம். உயிர் இருந்தது. கால்கள் அசையவில்லை. இன்றுவரை அசையவில்லை. "மேல குச்சி இல்லையேண்ணே" என்று எசென்குலிடம் சொன்னாள்.

அவளைக் கராகோலுக்கு அனுப்பிய பிறகு எசென்குல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நட்டேன் மாப்ளே. இந்தக் கையாலதான் நட்டேன். நீங்க படிச்சவரு, சொல்லுங்க, காத்து புடுங்கியிருக்குமா?"

"இன்னிக்குக் காத்தே இல்லையே" என்றேன்.

அப்போதும் பை என் முதுகில்தான் இருந்தது.

பின்னர் விசாரணையில், பனியைப் பற்றித் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்று காற்று இல்லை, ஆழமாக நட்ட குச்சி தானாக விழாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் தடங்களைச் சரிந்த பனி மூடிவிட்டது, விருந்தாளிகள் ஊர் திரும்பிவிட்டார்கள், அன்று நான் மேலே போனேனா என்று யாரும் கேட்கவில்லை. எசென்குல் குச்சியை நடாமலே நட்டதாகச் சொல்கிறார் என்று வழக்கானது. அவருடைய விடுதிக்கு இப்போது யாரும் வருவதில்லை. அவர் நுழைந்தால் தேநீர்க் கடையில் பேச்சு நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் தீர்ப்பு. சிறைதான் என்கிறார்கள்.

நேற்று பூரூல்சா மாவு பிசைந்துகொண்டே, "எங்கண்ணன் பீத்திக்குவான். பொய் சொல்ல மாட்டான். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அடுப்புக்குக் கரி எடுக்க வெளியே போய்விட்டேன்.

மேலே உள்ளதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானே எழுதி நானே வாசித்தேன். நடந்தது இதுதான், திருத்த ஒன்றுமில்லை. குச்சி உறைக்குள் போகாது என்பதால் துணியை மட்டும் அவிழ்த்து இதனுடன் வைத்திருக்கிறேன். கரி கொஞ்சம் கலைந்திருந்தாலும் எசென்குல் என்ற பெயர் தெரிகிறது. எங்கள் ஊரில் யார் இதைப் படித்தாலும் எழுதியது யார் என்று நாலு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நீதிமன்றம் அப்படியல்ல. அது கடைசியில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், எசென்குலே துணியில் பெயர் எழுதி அனுப்பியதாகக்கூட நினைத்துக்கொள்ளும். நான் படித்தவன், எனக்கு இதுவும் தெரியும். பெயரைக் கடைசியில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதவில்லை. நாளைக் காலை கராகோல் போய், இதை இப்படியே தபாலில் போட்டுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.