முதல்ல எந்தத் தெரு

அட, அந்தக் கதவ இழுக்காதீங்கண்ணே, உள்ளேருந்து தொறக்காது. கொண்டி கெட்டுப்போச்சு. எறங்கணும்னா ஒரு வார்த்த சொல்லுங்க, நானே வந்து வெளியேருந்து தொறந்து விடுறேன். நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்தச் சின்ன சன்னல் வழியா பேசுனா எனக்குக் கேக்கும். என்ன, என் முதுகுதான் உங்களுக்குத் தெரியும். மூஞ்சிக்கு முதுகே பரவால்லன்னு என் பொண்டாட்டி ஹபீபா பீவி சொல்லும்.

என்ன கேட்டீங்க? ஊரச் சுத்திப் பாக்கணும், முதல்ல எந்தத் தெருவுக்குப் போகலாம்னுதான? மீச மொளைக்கிறதுக்கு முன்னாடியே இந்தப் பினாங்குல குதிர வண்டி ஓட்ட வந்தவன் நான். மீரா சாகிப்னு யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா ஊருக்குப் புதுசா வர்றவங்க யாரும் இப்படிக் கேட்டதில்ல. வந்தவுடனே சோறு எங்க, வேல எங்கன்னுதான் கேப்பாங்க. நீங்க வேற மாதிரி ஆளுலா.

சூலியா தெருவுக்குப் போகலாமா? நம்ம ஆளுங்க கடைங்கதான் வரிசையா. பரோட்டா, கறி, எல்லாம் உண்டு. ஆனா கொஞ்சம் பாத்துப் போகணும். போன மாசம் ரெண்டு சமையக்காரனுங்களுக்குள்ள அடுப்பு யாருக்குன்னு தகராறு. ஒருத்தன் கொதிக்கிற எண்ணெய சட்டியோட தூக்கி அடுத்தவன் மூஞ்சில ஊத்திட்டான். தோலு அப்படியே கழண்டு வந்துருச்சு. அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது இந்த வண்டிதான். நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடம். நெளியாதீங்கண்ணே, நல்லாத் தேச்சுக் கழுவியாச்சு.

கொஞ்சம் இருங்க, குதிர சுல்தானுக்குப் புல்லுக்கட்டு வாங்கிக்கிறேன். இஸ்மாயிலு, ரெண்டு கட்டு போடு. அப்படியே கிட்ட வா, வீட்டுக்கு ஒரு சேதி சொல்லி விடணும்.

ம், போகலாம். அது நம்ம புல்லுக்கடை இஸ்மாயிலு. நல்ல மனுசன், ஓட்டமா ஓடுவான்.

ஏன்ணே, இந்த வெயில்ல தலப்பாவ அப்படி ஒரு பக்கமா எறக்கிக் கட்டியிருக்கீங்க? வலது காதே தெரியல. அவுத்து மடியில வச்சுக்கிட்டு காத்தாட உக்காருங்களேன். வேணாமா? சரி சரி, உங்க தல, உங்க தலப்பா.

அச்சே தெரு பக்கம் போனா ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கு. மினாரா கோபுரத்துல ஒரு ஓட்ட இருக்கும். எங்க வாப்பா இளவட்டமா இருந்தப்ப ஊரே ரெண்டு கட்சியா பிரிஞ்சு வெட்டிக்கிட்டாங்களாம். அப்ப பீரங்கிக் குண்டு பட்ட ஓட்டைன்னு சொல்லுவாங்க. நெசமோ பொய்யோ, ஆனா பத்து நாளைக்கு சாக்கடையில தண்ணி செவப்பா ஓடுச்சுன்னு வாப்பா சொல்லும். அதப் பாக்க வேணாமா? சரி.

குயின் தெரு மாரியம்மன் கோயில்? அதுவும் வேணாமா? பின்ன என்னதான்ணே பாக்கணும்?

பொம்பளைங்களா? அட, வந்த அன்னைக்கேவா! ஓ, அந்த மாதிரி இல்லையா. தங்கச்சியா? கூடப் பொறந்த தங்கச்சியா? தனியா இருக்குற தமிழ்ப் பொம்பளைங்க எந்தப் பக்கம் வேல செய்வாங்கன்னு கேக்குறீங்க. முன்னாடியே சொல்லக்கூடாதா? எப்படி இருக்கும் உங்க தங்கச்சி? இடது கைல ரெண்டு விரலு ஒடஞ்சு வளஞ்சிருக்குமா? ம். தண்ணி இழுக்குறப்ப ஒடஞ்சதா. அப்படியா.

அப்ப கடலோரந்தான் போகணும். கப்பல்ல மூட்ட தூக்குறவங்க இருக்குற எடம். ஒரு எறநூறு பேருக்குப் பொங்கிப்போட நெறைய பொம்பளைங்க வேல செய்றாங்க. என் பொண்டாட்டியும் அங்கதான் சோத்துக்கடை வச்சிருக்கு. ஆனா அண்ணே, அவனுங்க கொஞ்சம் மொரட்டுப் பயலுவ. மனசுல வச்சுக்குங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அங்க ஒரு தண்டல் இருந்தான். வேல வாங்குற ஆளு. காய்ச்சல்ல கெடந்த ஒருத்தன எட்டி எட்டி ஒதச்சான். ரத்தமா வாந்தி எடுத்தான் அந்தப் பையன். மறுநாளு பாத்தா அந்தத் தண்டல் தொங்காங் படகுக்கும் கப்பல் கட்டுற பாலத்துக்கும் நடுவுல கெடக்குறான். அல இடிக்க இடிக்க ரெண்டு மரத்துக்கும் நடுவுல நசுங்கிட்டு இருக்கான். ஒடம்ப வெளிய எடுக்குறப்ப எது கை, எது காலுன்னு தெரியல. போலீசு வந்து கேட்டுச்சு. அத்தன பேரும் ஒரே பதிலு: நாங்க அந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தோம் தொர.

சிரிக்கக் கூடாதுதான். சிரிப்பு வருது, என்ன பண்றது.

இந்தா, இஸ்மாயிலு ஓடியாறான். என்னப்பா? ம். ம். அதுவா கேட்டுச்சு? இருக்குன்னு சொல்லு. ஆமா, நான் பாத்துட்டேன், இருக்குன்னு சொல்லு.

ஒண்ணுமில்லண்ணே, வீட்டுல ஒரு சாமான் இருக்கான்னு கேட்டு விட்டிருக்காங்க.

எந்தக் கப்பல்ல வந்தேன்னு சொன்னீங்க? காலைல வந்த நாவப்பட்டணத்துக் கப்பலா? டெக்குல, நம்ம சனங்களோடயா? அதான் எனக்கு அப்பவே புடிச்சு ஒரு யோசன. டெக்குல வர்ற தமிழன யாரும் நேரா ஊருக்குள்ள விடமாட்டாங்களே. ஜெரெஜாக் தீவுக்குத்தான ஓட்டிட்டுப் போவாங்க? நோய் பரவாம இருக்க கோரண்டில போட்டு, துணிய அவுத்து, மருந்துத் தண்ணில முக்கி, கைல அம்ம ஊசி குத்தி, நாள் கணக்கா அடச்சு வச்சுட்டுல்ல விடுவாங்க? அங்கேருந்து வர்றவங்க மேல ஒரு வாரத்துக்கு மருந்து நாத்தம் போகாது. உங்க மேல ரப்பர் பாலு நாத்தமில்ல அடிக்குது! காலைல கப்பல விட்டு எறங்கி அடுத்த மணி என் வண்டில ஏற தொரைக்குத்தான் முடியும். நீங்க தொர மாதிரி தெரியல.

அக்கரைல பிறைலேருந்து வந்த பெரி படகுல நீங்க எறங்குனத நான் பாத்தேண்ணே.

தட்டாதீங்க, கதவு தொறக்காதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். தெருவுல நம்ம வண்டியத் திரும்பிப் பாக்க யாருக்கும் நேரமில்ல. சுல்தானு, கொஞ்சம் எட்டிப் போடுடா.

போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு வந்துச்சு. அக்கரைல நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துலேருந்து, ஆத்து வழியா மீன் படகுல ஒளிஞ்சு. பாலத்துக்கு அடியில சுருண்டு கெடந்துச்சு. விரலு ரெண்டும் ஒடஞ்சு தொங்குது, முதுகெல்லாம் ரோத்தான் பிரம்பு வரி வரியா கிழிச்சிருக்கு. வாயெல்லாம் காஞ்ச ரத்தம். பல்லு ஒடஞ்சிருக்கும் போலன்னு ஹபீபா தண்ணி ஊத்திக் கழுவி விட்டா, வாய்ல ஒரு கீறல் இல்ல. அது வேற ஆளு ரத்தம். அண்ணன் மொறைல நானான்னு கூப்பிட்டுச்சு என்னைய. பேரு நல்லம்மாள். அதோட புருசன் சுப்பையாவ, காய்ச்சலு, இன்னைக்கு மரம் சீவ முடியாதுன்னு சொன்ன பாவத்துக்கு, தோட்டத்துக் கங்காணி மரத்துல கட்டி ரோத்தான் பிஞ்சு போற வரைக்கும் அடிச்சு, அதுக்கப்புறம் கட்டையால அடிச்சுக் கொன்னத அது ஒண்ணுதான் பாத்துச்சு. குஞ்ச மறைக்கிற கோழி மாதிரி புருசன் மேல வுழுந்து மறச்சிருக்கு. இழுத்துப் போட்ட கங்காணி காத கடிச்சு, பாதிய எடுத்துட்டு ஓடி வந்திருக்கு.

வலது காதுன்னு சொல்லுச்சு.

வந்தாச்சு. நில்லுடா சுல்தானு. சாப்பாட்டு நேரம், எல்லாரும் இருக்காங்க பாரு. மடியிலேருந்து கைய எடு அர்ஜுனன் கங்காணி. அந்தக் கத்திய வண்டில ஏறுறப்பவே பாத்துட்டேன். சன்னல் வழியா குத்தலாம்னு பாக்காத, நான் எறங்கிட்டேன். என் முதுகு இப்ப அங்க இல்ல.

முதல்ல எந்தத் தெருன்னு கேட்டேல்ல, இப்பச் சொல்றேன். உனக்கு ரெண்டே எடந்தான். இந்தப் பக்கம் நேராப் போனா போலீஸ் ஸ்டேசன். சுப்பையா காய்ச்சல்ல செத்தான்னு உங்க தொர எழுதிட்டாரு. நீ போயி, நான்தான் அடிச்சுக் கொன்னேன்னு உன் வாயால சொல்லணும். நான் பக்கத்துலயே நிப்பேன். அந்தப் பக்கம் எங்க சோத்துக்கடை. நல்லம்மாள் உள்ள கறி வெட்டிட்டு இருக்கு. நீ வந்திருக்கேன்னு இஸ்மாயிலு கிட்ட சொல்லி அனுப்புனேன். அழும்னு நெனச்சேன். அழல. இஸ்மாயிலுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டு விட்டுச்சு: அவனுக்கு இன்னொரு காது இருக்கா நானா, பாத்துச் சொல்லுங்கன்னு.

சீக்கிரம் சொல்லு கங்காணி. குதிரைக்குத் தண்ணி காட்டணும்.