பீரோவில் பூட்டிய காபித்தூள்

“காபித்தூள பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்க்கா.”

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பினார்.

“ஏம்மா, திருட்டு பயமா?”

“பெருங்காயத்துக்குப் பயந்துக்கா. ரெண்டும் ஒரே அலமாரில இருந்துச்சு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வர்ற நாத்தனார், ‘உன் காபில ரசவாசனை’ம்பாங்க. இந்த வாட்டி தூள டைட்டான எவர்சில்வர் டப்பால போட்டு, பட்டுப்புடவைக்குப் பக்கத்துல வெச்சுட்டேன்.”

“குடிச்சாங்களா?”

“ஒரு வாய் குடிச்சதுமே ‘கடைய மாத்திட்டியா?’ன்னாங்க. ‘அதே கடை, அதே தூள்தான் அண்ணி’ன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்திருக்கவில்லை.

“மிச்சத்தையும் மடமடன்னு குடிச்சாங்கக்கா. காலி டம்ளர நீட்டுனாங்க.”