ஓடாத ஜெனரேட்டருக்கு வாடகை

காலை ஒன்பதே கால் அரியலூர் பஸ். என் முன் இருக்கையில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவரும், குரும்பலூரில் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தும் பெண்ணும்.

“ஓடாம நிக்கிறதுக்கும் வாடகையா? நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்!”

“போன மாசம் பவர் கட் அன்னிக்கி என்னாச்சும்மா?”

“ஊரே உங்களத்தான் கூப்பிட்டுச்சு. நீங்க மூணு மடங்கு கேட்டீங்க. நான் யோசிக்கிறதுக்குள்ள கல்யாண மண்டபத்துக்காரரு ஜெனரேட்டர ஏத்திட்டுப் போயிட்டாரு. ஆயிரம் முட்டை வீணாப்போச்சு. பயந்துகிட்டு இப்ப மெஷின்ல பாதிதான் அடுக்குறேன்.”

“அதாம்மா சொல்றேன். மாசாமாசம் கொஞ்சம் குடுத்துடுங்க. எவன் எவ்வளவு குடுத்தாலும் ஒரு ஜெனரேட்டர் உங்க வூட்டு வாசல விட்டு நகராது.”

அந்தப் பெண் போனில் தேதியைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழம பவர் கட்டாம். அன்னிக்கித்தான் குஞ்சு பொரியுது.”

“வியாழக்கிழமையே கொண்டாந்து நிறுத்திடறேன்.”

“ஓடினா டீசல் யாரு போடுறது?”

“நாந்தான். வாடகையிலயே சேத்தி.”

“அப்ப கரண்டு போகக் கூடாதுன்னு நீங்களும் சாமி கும்புடுவீங்க!”

“கோயில்ல உங்களுக்கு முன்னாடி நான் நிப்பேம்மா.”

இருவரும் சிரித்தார்கள். இறங்குவதற்கு முன் அந்தப் பெண் போனில் யாரிடமோ சொன்னார்: “அடுத்த தடவை பாதி வேணாம். மெஷின் நிறைய முட்டைய அடுக்கிடுங்க.”